கோஹாரு திரும்பிப் போகாத கோடை

ஆகஸ்ட் 9
நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் கூட்டமில்லை. இன்றும் அம்மா அறையை விட்டு வெளியே வரவில்லை. மார்ச்சில் கடல் என் தங்கை கோஹாருவைக் கொண்டுபோனதிலிருந்து அம்மா வாயில் ஒரு சொல் இல்லை. அவளோடு அம்மாவும் போய்விட்டாள் என்றே சில நாள் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 13
இறந்தவர்கள் வீடு திரும்பும் நாள். வாசலில் அப்பாவும் நானும் சணல் தண்டுகளைக் கொளுத்தினோம். புகை நேராக என் முகத்துக்கு வந்தது. கண்ணைத் திறந்தால் சமையலறையில் நிற்கிறேன். மேஜையில் முட்டைச் சுருள். எதிரே அம்மா, கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஒரு மணி நேரமா கோஹாருதான் பேசினா, நகிசா. உன் வாயால," என்றார் அப்பா.

ஆகஸ்ட் 16
வந்தவர்களைத் திரும்ப வழியனுப்பும் தீ மூட்டினோம். கோஹாரு போகவில்லை. தலை வாரும்போது உள்ளே அவள் குரல்: "அக்கா, இன்னும் கொஞ்ச நாள். ப்ளீஸ்."

சரி என்றேன். அம்மா சாப்பிடுகிறாளே.

ஆகஸ்ட் 27
அம்மா துணி துவைத்தாள். பக்கத்து வீட்டு ஓனுகி மாமியிடம் மீன் விலையைப் பற்றிச் சண்டை போட்டாள். என்னிடம் மட்டும் பேச்சில்லை. நான் நானாக இருக்கும்போது என்னைத் தாண்டிப் பார்க்கிறாள், தாமதமாகும் பேருந்துக்குக் காத்திருப்பவள் மாதிரி.

செப்டம்பர் 8
கடையில் முதலாளி நாலு தடவை கூப்பிட்டாராம். என்னைத்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. வீட்டில் அப்பா மெதுவாகச் சொன்னார்: "நேத்து முழுக்க உன்ன நான் பாக்கவேயில்லம்மா. தேடிக்கிட்டே இருந்தேன்."

செப்டம்பர் 20
இன்று ஒரு காரியம் செய்தேன். ஏன் செய்தேன்?

ஜனவரியில் கோஹாருவுக்கு இருபது வயது நிறைகிறது. இருபது வயதானவர்களுக்கு ஊரில் எடுக்கும் விழாவுக்கான கிமோனோவை அம்மா எடுத்து வந்து என் தோளில் வைத்து அளந்தாள். கோஹாரு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அவளாக நடித்தேன். அவள் மாதிரியே மூக்கைச் சுருக்கிக்கொண்டு கேட்டேன்: "அம்மா, அக்கா எங்க?"

"அவ எங்கயாச்சும் இருப்பா. நீ கைய தூக்கு."

தூக்கினேன்.

செப்டம்பர் 21
கிமோனோவுக்கு இடுப்புப் பட்டி வாங்க அம்மா டவுனுக்குப் போயிருந்தாள். மிச்சம் இருந்த சணல் தண்டுகளை நானே வாசலில் அடுக்கினேன். அப்பா தடுக்கவில்லை, தீப்பெட்டியை நீட்டினார்.

"அம்மா வரட்டும் அக்கா. ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

"வந்தா உன்ன விடமாட்டா."

"என்மேல கோவமா?"

ஆமா, என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். போயிட்டு வாடின்னு சொல்லியிருக்கலாம். தலையத் தடவியிருக்கலாம் — எந்தத் தலைய? என் தலையத்தானே. அதையாவது செஞ்சிருக்கலாம். புகை கடல் பக்கம் போச்சு. நெஞ்சுக்குள்ள திடீர்னு அவ்வளவு இடம்.

சாயங்காலம் அம்மா பெட்டியோடு வந்து படலைத் திறந்தபடியே கூப்பிட்டாள், "கோஹாரு!"

"நான்தாம்மா," என்றேன்.

செப்டம்பர் 22
பெட்டி பிரிக்கப்படாமல் வாசலிலேயே இருக்கிறது.

அக்டோபர் 5
அம்மாவிடம் பழைய மௌனம். ஆனால் சாப்பிடுகிறாள். கோபத்திலாவது சாப்பிடுகிறாள் என்கிறார் அப்பா. தாயிடம் மகள் விடைபெறக்கூட நான் விடவில்லை. அம்மா குணமாக வேண்டும் என்று இடம் கொடுத்தவள் நான். அவள் குணமானது பொறுக்காமல் பிடுங்கிக்கொண்டவளும் நான்தான். இதில் எது நிஜ நகிசா?

நவம்பர் 11
மழை. கடைக்கு விடுமுறை. அடியில் கணப்பு வைத்த மேஜைக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து எதிரே உட்கார்ந்தாள். மேஜைமேல் இருந்த பழக்கூடையைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு, "போறப்ப ஏதாவது சொன்னாளா?"

"அம்மாவ நல்லா பாத்துக்கோன்னு சொன்னா."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். தாண்டி அல்ல, என்னையே.

"பொய். அவ வெளையாட்டுப் பிள்ள, அப்படில்லாம் சொல்லத் தெரியாது. இது நீ சொல்ற பேச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையைச் சொன்னேன், அந்த "ஆமா"வையும் சேர்த்து. அம்மா என்னைத் திட்டவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. கூடையிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்து உரித்தாள். நாரெல்லாம் நீக்கிப் பாதியைத் தான் வைத்துக்கொண்டு, மீதியை என் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடு, நகிசா."