வெர்ரில் வரை போகாத கார்

மார்ச் 3, ஞாயிறு

பண்ணையிலிருந்து திரும்பும் வழியில், அராரட்டைத் தாண்டியதும் கியர் விழவில்லை. இழுவை வண்டி நான் வசிக்கும் பலாரட் வரை கொண்டுவந்து விட்டது. மெக்கானிக் நாளைதான் பார்ப்பார். இழுவைக்காரர் இப்போதே சொல்லிவிட்டார்: "இதுல இனி ஒண்ணுமில்லம்மா. வாழ்ந்து முடிச்சிருச்சு."

எனக்கு வருத்தம் வரவில்லை. அதுதான் உறுத்துகிறது. சாலையோரம் நின்றுகொண்டு நான் நினைத்தது ஒன்றே ஒன்று: அடுத்த சனிக்கிழமை போக வேண்டாம்.

போன வருடத் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு சனியும் போகிறேன். அப்பாவுக்கு லேசாகப் பக்கவாதம் வந்து இடது கால் பலமிழந்தது. அவருடைய பழைய யூட் பிக்கப் வண்டியின் கிளட்சை மிதிக்க முடியாமல் போனது. பக்கத்து ஊரான வெர்ரிலே பண்ணையிலிருந்து தூரம். கடை, மருந்து, சர்ச், எல்லாவற்றுக்கும் நான்.

மார்ச் 5, செவ்வாய்

கிளென் பெர்த்திலிருந்து கூப்பிட்டான். அண்ணன் என்ற முறையில் அவ்வப்போது கூப்பிட்டு யோசனை சொல்வான்.

"டீசல்ல பெரிய வண்டியா எடு. கங்காரு குறுக்க வந்தாலும் தாங்கும். நீ வாராவாரம் ஓடற ஓட்டத்துக்கு அதுதான் சரி."

"ஓட்டம் என்னுதா, கிளென்?"

"அப்ப பேசாம அங்கயே போய் இருந்திடேன். உன் வேலைய எங்கேருந்து வேணா பாக்கலாமில்ல? உனக்கென்ன, பிள்ளையா குட்டியா?"

"பார்க்கலாம்" என்றேன். நிலத்தடி நீர் ஏன் இறங்குகிறது என்று அமைச்சகத்துக்கே விளக்கி எழுதுகிறவள் நான். "முடியாது" என்ற ஒரு சொல் வாயில் வராது.

மார்ச் 7, வியாழன்

இணையத்தில் ஒரு கேள்வி வரிசை: உங்கள் வாழ்க்கைக்கு ஏற்ற மின்சாரக் கார் எது? இப்படிக் கேட்பவர்கள் பதிலை ஏற்கெனவே விற்பனைக்கு வைத்திருப்பார்கள். தெரிந்துதான் உட்கார்ந்தேன்.

வீட்டில் நிறுத்த இடம் உண்டா? உண்டு. தினமும் எங்கே போவீர்கள்? அலுவலகம், கடை, எப்போதாவது ஏரிக்கரை. எத்தனை பேர்? ஒருவர். சாமான்? ஒரு பை. என் வாழ்க்கை ஒரு திரைக்குள் அடங்கி, பாதி இடம் மீந்துவிட்டது.

கடைசியாக: அடிக்கடி நெடுந்தூரம் போவீர்களா?

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இல்லை" என்று அழுத்தினேன்.

மார்ச் 8, வெள்ளி

பொய்யா? கேட்டது என் வாழ்க்கையை. அப்பாவின் வாழ்க்கையை அல்ல.

மார்ச் 16, சனி

கார் இல்லாததால் இரண்டாவது சனியாகப் போகவில்லை. கார் விற்பனைக் கூடத்துக்குப் பஸ்ஸில் போனேன். விற்கிறவளுக்கு என் வயதுதான் இருக்கும். மேசைக்குப் பின்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். இரண்டு காட்டினாள். ஒன்று புதிது, பெரிய பாட்டரி, ஒரே மூச்சில் பண்ணைக்குப் போய்விடலாம். இன்னொன்று பழையது, வெளிர் நீலம், ஒரே ஆள் ஓட்டியது.

"இது ஊருக்குள்ள பூனைக்குட்டி மாதிரிங்க. ஹைவேல மட்டும் நூத்தம்பது கிலோமீட்டருக்கு மேல எதிர்பாக்காதீங்க. எதிர்க்காத்து அடிச்சா அதுவும் இல்ல."

என் மனம் தானாகவே வேலை செய்தது. வழியிலுள்ள ஹார்ஷம் நகரம் வரை நடுவில் சார்ஜ் ஏற்றி ஏற்றிப் போகலாம். ஹார்ஷமிலிருந்து பண்ணைக்குப் போகிற பாதையில் சார்ஜ் செய்ய இடம் கிடையாது. பண்ணைக்குப் போய்ச் சேரலாம். அங்கிருந்து ஹார்ஷமுக்குத் திரும்ப முடியாது. பண்ணை வீட்டு வயர்கள் நான் பிறப்பதற்கு முந்தையவை. கெட்டிலையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். அதில் காரைச் சொருக முடியாது. ஆக, போக முடியாது. நான் அல்ல. கார் போகாது.

"நீலத்தை எடுத்துக்கறேன்."

"பெருச ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்களேன்?"

"வேண்டாம்."

மார்ச் 20, புதன்

அப்பாவுக்கு ஃபோனில் சொன்னேன்.

"கரண்ட் வண்டியா? டோஸ்டர் மாதிரி சுவத்துல சொருகணுமா?"

"ஆமாப்பா."

"இங்க வருமா?"

"வரும். திரும்பிப் போகாது. அங்க சார்ஜ் போட வழியில்லையே. அதனால இனி வாராவாரம்…"

"ம்." பின்னால் டிவியில் வானிலை ஓடிக்கொண்டிருந்தது. "இந்த வாரமும் மழை இல்லங்கறான்" என்றார். வைத்துவிட்டார்.

என் குரல் நடுங்கவே இல்லை. அவ்வளவு சுலபமா?

மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு

போகவில்லை. அப்பாவின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து விதைக்கும் டாரில் லிண்ட்னர் அவரைச் சர்ச்சுக்குக் கூட்டிப்போனாராம். நான் ஏரியைச் சுற்றி நடந்தேன். எல்லோரும் குடும்பத்தோடு. கறுப்பு அன்னங்கள்கூட. விடுதலை என்பது பல் பிடுங்கிய இடத்தை நாக்கால் துழாவிக்கொண்டே இருப்பதா?

ஏப்ரல் 6, சனி

அப்பா அவராகக் கூப்பிட்டார். அவர் கூப்பிடுகிற வழக்கமில்லை. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"இங்க்ரிட், கொட்டகைல உனக்கு ஒரு பிளக் போட்டாச்சு."

"என்ன பிளக்?"

"உன் டோஸ்டருக்குத்தான். ஆட்டுக்கு மயிர் வெட்டற மோட்டாருக்குன்னு கொட்டகைக்குத் தனி லைன் இருக்கில்ல, அதுலேருந்து எடுத்தாச்சு. டாரில்தான் எலெக்ட்ரீஷியனக் கூட்டியாந்தான். ராத்திரி சொருகினா காலைல ரெடியாம். இனி நீ கவலப்படாத."

"எதுக்குப்பா உங்களுக்குச் சிரமம்…"

"சிரமம் என்ன. நீ வந்தாப் போதும்."

நன்றி சொன்னேன். மனதாரச் சொன்னதுபோலவே கேட்டது.

மாலையில் கிளெனிடமிருந்து குறுஞ்செய்தி: அப்பா உனக்காக என்ன பண்ணியிருக்கார் பாத்தியா!

ஏப்ரல் 13, சனி. பண்ணை.

முன்பெல்லாம் மூன்றரை மணி நேரம் ஆகும். இன்று ஏழு. அராரட்டில் சார்ஜ் ஏறக் காத்திருந்தேன். ஹார்ஷமில் எனக்கு முன்னால் கேரவனை இழுத்துவந்த ஒருவர் சார்ஜ் போட்டிருந்தார். அவர் சாப்பிட்டு முடித்துவிட்டு வரும்வரை காத்திருந்தேன். வடக்கிலிருந்து எதிர்க்காற்று. கண்ணாடியை இறக்கினால் புழுதி; ஏற்றிக்கொண்டு ஏசி போட்டால் தூரம் குறைகிறது. வேர்த்து ஒழுக வந்து சேர்ந்தேன்.

அப்பா கொட்டகை வாசலில் வயரைக் கையில் பிடித்தபடி நின்றார், கன்றுக்குப் புட்டிப்பால் வைத்திருப்பவர்போல.

"ராத்திரி பூரா ஆகுமாமே."

"ஆகும்."

"ஆகட்டும்."

முன்பு நினைத்தால் சனி இரவே கிளம்பிவிடலாம். ஒரு நாளும் கிளம்பியதில்லை; ஆனால் முடியும். இப்போது முடியாது. ஐந்தரை மணிக்கே ஆட்டிறைச்சி சாப்ஸ். பிறகு டிவி. "கதவச் சாத்து, பூச்சி வருது." பிறகு என் பழைய ஒற்றைக் கட்டில். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய இருமல். ஜன்னல் வழியே கொட்டகையில் காரின் பச்சை விளக்கு மினுக்குவது தெரிகிறது. என்னைக் கட்டிப்போடும் கயிற்றை நானே கடைக்குப் போய், நல்லதாகப் பார்த்து…

விளக்கை அணைக்கிறேன்.

ஏப்ரல் 20, சனி. பண்ணை.

அதே. குளிர் வேறு.

ஏப்ரல் 28, ஞாயிறு

கிளென்: "பிளக் போட்டாச்சு. இன்டர்நெட் வந்தாச்சு. இனி அங்க குடிபோக உனக்கு என்ன தட?"

பார்க்கலாம் என்றேன். என்ன தடை? நான்தான் தடை. அதை ஏன் சொல்ல முடியவில்லை?

மே 5, ஞாயிறு. பண்ணை.

காலையில் கொட்டகைக்குப் போனேன். கார் இல்லை. வயர் மட்டும் தரையில் கிடந்தது. திருட்டு என்று நினைத்தேன். இந்த வனாந்தரத்தில் யார் வந்து திருட? ஓடிப்போய் அப்பாவின் அறையைப் பார்த்தேன். படுக்கை காலி. கைத்தடி சமையலறையில் சாய்ந்திருந்தது. டாரிலைக் கூப்பிட்டு அப்பாவைப் பற்றிக் கேட்டேன்.

"எர்வினா? இப்பத்தான் எங்க வேலியோரமா போனார். சத்தமே இல்ல, எங்க நாய்ங்ககூட குரைக்கல. ராஜா மாதிரி கை காட்டிட்டுப் போறார்."

நான் சர்ச்சுக்கு உடுத்தி முடித்த பிறகுதான் வந்தார். நீலம் தெரியாத அளவுக்குப் புழுதி. இறங்காமலே கண்ணாடியை இறக்கினார்.

"இதுல கிளட்சே இல்லையே, இங்க்ரிட்." இத்தனை நாள் தன்னை யாரோ ஏமாற்றிவிட்டதைக் கண்டுபிடித்தவர்போலச் சொன்னார். "வலது கால் மட்டும் போதும். வெர்ரில் போனேன். தானியக் கிடங்கு சைலோவ ஒரு சுத்து சுத்தினேன். அப்பறம் நம்ம எல்லை பூரா. டாரில் விதைச்சிருக்கான் பாரு, பாம்பு ஊர்ந்த மாதிரி கோணலா. யாருமே எங்கிட்டச் சொல்லல."

எட்டிப் பார்த்தேன். பாட்டரியில் பாதிக்குமேல் காலி. இனி ஹார்ஷம் போகாது. மறுபடி சொருக வேண்டும், மறுபடி ஒரு இரவு, நாளை அலுவலகம் போக முடியாது. இன்னொரு இரவு அந்தக் கட்டில்.

வாய் திறந்துவிட்டது.

"இத ஏன் வாங்கினேன்னு தெரியுமாப்பா? இங்க வர முடியாதுங்கறதுக்காகத்தான் வாங்கினேன். பெரிய வண்டி இருந்துச்சு. வேணும்னே சின்னத எடுத்தேன். என்னால வாராவாரம் வர முடியலப்பா. முடியல. மூச்சு முட்டுது எனக்கு."

கத்தவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கூரைமேல் இருந்த கிளிகள் எல்லாம் ஒரேயடியாகப் பறந்தன.

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு மணி நேரம் ஓட்டிட்டு வந்து, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க. எனக்கு மட்டும் அது நல்லாவா இருக்கு? வெள்ளிக்கெழமையே ஆரம்பிச்சிடுது. உனக்குப் பிடிச்ச சாப்ஸ் வாங்கி வெக்கணும், டிவிய மெதுவா வெக்கணும்…"

"எனக்கு சாப்ஸ் பிடிக்கும்னு யாரு சொன்னா?"

"நீதான். பத்து வயசுல."

அவர் காரை விட்டு இறங்கவே இல்லை.

"வரலன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சிருக்கலாம். அதுக்கு யாராச்சும் ஒரு காரு வாங்குவாங்களா?"

சர்ச்சுக்குப் போகவில்லை, இருவரும்.

மே 7, செவ்வாய்

பலாரட். பஸ்ஸில் வந்தேன்.

நேற்றுக் காலை சார்ஜ் முழுவதும் ஏறியிருந்தது. கிளம்பலாம் என்று வெளியே வந்தால் சாவி அப்பாவின் கையில்.

"இத இங்க விட்டுட்டுப் போ."

"நீங்க ஓட்டக் கூடாதேப்பா."

ஓட்டலாமாம். பகலில், ஊரைச் சுற்றி மட்டும், கிளட்ச் இல்லாத வண்டி என்றால் ஓட்டலாம் என்று மருத்துவர் போன வருடமே சொல்லியிருக்கிறார். அப்பா யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆட்டோமாட்டிக் வண்டி கையாலாகாதவன் ஓட்டுவது என்பது அவருடைய கொள்கை.

"இதுவும் அதே மாதிரிதானேப்பா?"

"இது வேற. இது கரண்ட்."

"சரி. நான் எதுல போறது?"

"நீ படிச்சவ. ஏதாவது யோசி."

டாரில் என்னை ஹார்ஷமில் பஸ் ஏற்றிவிட்டார். நான் இறங்கும்போது, "என் விதைப்பு கோணல்னு நேத்து ஃபோன் போட்டு ரெண்டு தடவ சொல்லிட்டார்மா" என்றார், கொஞ்சம் பரிதாபமாக.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவருடைய அந்த வெள்ளிக்கிழமைகளைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். அவருக்கும் என் வருகை பாரமாக இருக்கும் என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லையே.

மே 11, சனி

போகவில்லை. கிளென் கூப்பிட்டான். என்னால் அங்கே குடிபோக முடியாது என்றேன்.

"என்னாச்சு உனக்கு?"

"கார் போச்சு" என்றேன்.

மே 23, வியாழன்

பக்கத்தில் ஒரு லைசென்ஸ் அதிகாரி உட்கார, அப்பா வெர்ரில் வரை ஓட்டிக் காட்டினார். தேறிவிட்டார். அதிகாரிக்கும் வழியில் கோணல் விதைப்பைக் காட்டினாராம்.

ஜூன் 15, சனி

இன்னும் கார் வாங்கவில்லை. அலுவலகத்துக்கு நடக்கிறேன். விளம்பரங்களைப் புரட்டுவேன், மூடிவிடுவேன். இன்று காலை பத்து மணிக்கே துணி துவைத்து, வீடு பெருக்கி முடித்துவிட்டு, மிச்ச நாளை என்ன செய்வது என்று தெரியாமல் அப்பாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மதியம் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. விழுந்து கிடக்கிறாரோ? நான் ஏன் சரி என்றேன்? எண்பது வயசுக்காரர் கையில் சாவியக் கொடுத்துட்டு வந்திருக்கேனே, எனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? டாரிலும் எடுக்கவில்லை. அங்கே போக என்னிடம் ஒரு வண்டியும் இல்லை.

இருட்டும் நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"எங்கப்பா போனீங்க?"

"ஃபுட்பால் மேட்ச்சு. மைதானத்து வேலியோரம் முன்வரிசைல வண்டிய நிறுத்தினேன். நம்ம பசங்க கோல் போட்டதும் எல்லா வண்டியும் ஹாரன் அடிக்குமில்ல, நானும் அடிச்சேன். தும்மல் போட்ட மாதிரி இருக்குன்னு மைதானமே சிரிக்குது. அதுக்கப்பறம் ஒவ்வொரு கோலுக்கும் எல்லாவனும் ஹாரன் அடிக்காம காத்திருக்கான், 'எர்வின், நீ மொதல்ல தும்முய்யா'ன்னு." அவர் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

"ஜெயிச்சாங்களா?"

"கேவலமா தோத்தானுங்க."

கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எனக்கு நிஜமாகவே போக வேண்டும்போல் இருந்தது.

"அடுத்த சனி வரட்டுமாப்பா? ஹார்ஷம் வரைக்கும் பஸ்ல வர்றேன், அங்கேருந்து கூட்டிட்டு வர டாரில்கிட்டக் கேக்கறேன்."

"அடுத்த சனியா?" அவர் எழுந்து போய்க் காலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அன்னிக்கு வேணாம். கிளப்புல சாப்பாடு. அதுக்கடுத்த வாரம் பாரு. வர்றதுக்கு முந்தி ஒரு வார்த்த சொல்லிட்டு வா, என்ன? நான் வீட்டுல இருக்கணுமில்ல."

சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன்.