எதிர் நடைமேடை

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் என் பெயரைக் கண்டால் எடுக்கமாட்டாய். கடிதத்தைப் பிரிக்காமல் வைக்கமாட்டாய். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல். உப்பைக் குறைக்கச் சொன்னால் என் தட்டில் மட்டும் குறைக்கிறாள். அப்பா கண்ணாடிக் கடைக்குப் போய் லென்ஸ் தேய்க்கிறார்; வீட்டில் அதிகம் பேசுவதில்லை. எனக்குத்தான் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. காரணம் நம் ரயில் நிலையம். சிரிக்காதே.

கட்டடக்கலைப் படிப்பின் கடைசி வருடத்துக்குப் பழைய கட்டடம் ஒன்றை அளந்து வரைய வேண்டும். நம் தெருமுனையில் தூண்கள்மேல் நிற்கும் நிலையத்தையே எடுத்துக்கொண்டேன். சோம்பேறித்தனம்தான். டேப்பும் கையுமாக அலைகிறேன். டிக்கெட் கொடுக்கும் அம்மா, "என்ன தம்பி, நேத்தைக்கு இன்னைக்கு ஸ்டேஷன் வளர்ந்திருக்கா?" என்று கேட்கிறார்.

முதலில் அங்கே ஒற்றைத் தண்டவாளம், ஒரே நடைமேடை. கூட்டம் பெருகியபின் எதிரே இரண்டாவதைக் கட்டினார்கள். இரண்டையும் மேலேயே இணைக்க ஒரு நடைபாலம் வரைபடத்தில் இருந்தது. பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், தங்கள் படுக்கையறையை ஊரே பார்த்துக்கொண்டு போகும் என்று. பாலம் வரவில்லை. அதற்காக ஊன்றிய இரும்புக் கால்கள் மட்டும் இருபக்கமும் துருவேறி நிற்கின்றன.

ஆகவே எதிர் நடைமேடைக்குப் போக ஒரே வழி: சாலைக்கு இறங்கு, பஸ்களுக்கு நடுவே கட, மறுபடி ஏறு. படிகள் நடைமேடையின் இரண்டு கோடிகளிலும் இருக்கின்றன. வடகோடியில் இறங்குகிறவர் கண்ணில் தென்கோடியில் இறங்குகிறவர் படமாட்டார்.

இதை வரைந்துகொண்டிருக்கும்போது என் கை நின்றுவிட்டது.

போன வருடம் நீ சொல்லாமல் வந்தாய். இரண்டாம் நடைமேடையில் இறங்கினாய். அப்பா வேலை முடிந்து எதிரே, ஒன்றாவதில் இறங்கினார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். நீ வெளியூர் வேலைக்குக் கிளம்பிய அன்று "போனா போனதுதான்" என்று அவர் சொன்னதற்குப் பிறகு, அதுதான் முதல் தடவை. அன்று அம்மாவிடம் போனில் அழுதாய்: "என்னைப் பார்த்ததும் முதுகைக் காட்டிக்கிட்டுப் போயிட்டாரும்மா."

அப்பாவும் வீட்டுக்கு வந்து அதையேதான் சொன்னார். "பார்த்தா. திரும்பிப் போயிட்டா."

நீ அவரிடம் போகத்தான் படியிறங்கினாய், இல்லையா? தென்கோடிப் படி. ஏறி வந்து பார்த்தால் ஒன்றாவதில் அவர் இல்லை. உன் ஊருக்குத் திரும்பும் வண்டி வந்து நின்றது. கோபத்தில் ஏறிவிட்டாய்.

அந்த வண்டிக்கு அந்தப் பக்கம் யார் நின்றிருந்தார் என்று நீ பார்த்திருக்க முடியாது.

நேற்று அம்மாவிடம் கேட்டேன். அன்று அப்பா முட்டி வீங்கி வந்தாராம். ஐஸ் வைத்தபடி, என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறாள். "ஒண்ணுமில்ல, ரெண்டாம் பிளாட்பாரம் வரைக்கும் போனேன்" என்றாராம். வீட்டுக்கு வருகிறவருக்கு இரண்டாம் நடைமேடையில் என்ன வேலை? அம்மா அதைக் கேட்கவில்லை. இத்தனை நாள் யாருமே கேட்கவில்லை.

அக்கா, அந்த நிலையத்தில் ஒருவரிடம் போய்ச் சேர வேண்டுமென்றால் முதலில் அவருக்கு முதுகைக் காட்டித்தான் ஆக வேண்டும். படி அங்கேதான் இருக்கிறது. இரண்டு பேருமே காட்டினீர்கள்.

அப்பாவிடம் வரைபடத்தை விரித்துச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடி துடைத்தார். "நல்லா வரைஞ்சிருக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோய்விட்டார்.

அடுத்த மாதம் வெளிநாடு கிளம்புகிறாய் என்றும், விமான நிலையத்துக்கு நம் நிலையம் வழியாகத்தான் வண்டி போகும், ஆனால் இறங்க மாட்டேன் என்றும் அம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தாய். அந்த வண்டி இரண்டாம் நடைமேடைக்குத்தான் வரும். ஒரு வண்டி விட்டு அடுத்ததில் போனால் விமானம் பறந்துவிடாது. இறங்கு. இறங்கின இடத்திலேயே நில். எதிரே யாரையும் தேடாதே. படிப்பக்கம் போகவே போகாதே, உன் கால்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

எங்கே போனாலும் நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி.

பி.கு: கடிதத்தை ஒட்டப்போனேன். அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த வண்டிக்கு எத்தனை பெட்டிடா?" என்று கேட்டார். ஏன் என்றேன். "சும்மா" என்றார். மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு, "பிளாட்பாரம் நீளமாச்சே, முட்டி வேற இப்படி" என்றார். எந்தப் பெட்டியில் வருகிறாய் என்று மட்டும் எழுது.