இருமச் சொன்னபோது

அப்பா,

செம்பூரில் டாக்டர் என்னை நிற்கவைத்து இருமச் சொன்னார். இருமுவதற்கு முன்பே என் கை தானாக இறங்கி அடிவயிற்றின் வலப்பக்கத்தை அழுத்திக்கொண்டது. தும்மல் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் நீங்கள் அப்படித்தான் பிடித்துக்கொள்வீர்கள். எனக்கும் குடலிறக்கம், அப்பா.

தாராவிப் பட்டறையில் மிஞ்சிய தோலை வெட்டி, உள்ளே பஞ்சு வைத்து, நீங்களே ஒரு பெல்ட் தைத்துக்கொண்டீர்கள். "அண்ணாச்சி, எனக்கும் ஒண்ணு தச்சுத் தாரும், தொந்தியாவது உள்ள போவட்டும்" என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். வீட்டுக்கு வந்ததும் மல்லாந்து படுத்து, வீக்கத்தை மெல்ல உள்ளே தள்ளுவீர்கள். "போயிட்டு பாத்தியா? இதுக்குப் போயி எதுக்குட்டி கத்தி?"

ஒருநாள் அது போகவில்லை. வாந்தி வந்ததற்கு, மத்தியானம் தின்ற வடாபாவைத் திட்டினீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவதற்குள் சிக்கிய குடல் அழுகியிருந்தது. அன்றிரவே கத்தி வைத்தார்கள்.

எனக்கு டாக்டர் படம் போட்டு விளக்கினார். வயிற்றடியைக் கீறி, குடல் பிதுங்கும் ஓட்டையை மூட வலை வைத்துத் தைப்பது ஒன்று. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டால் போதும், செலவு குறைவு. சிறு துளைகள் வழியே கேமரா விட்டு உள்ளிருந்து வலை பொருத்துவது இன்னொன்று. வலி குறைவு, சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். ஆனால் முழு மயக்கம் வேண்டும், செலவும் அதிகம். "பழகின கையா இருந்தா ரெண்டுமே நல்லதுதான். பொம்பளைங்களுக்குத் தொடைப் பக்கம் இன்னொரு ஓட்டை ஒளிஞ்சிருக்கலாம். கேமரான்னா அதையும் பாத்துடலாம்" என்றார்.

கிடைத்த கட்டுரைகளையெல்லாம் படித்தேன். வலி, செலவு, வேலைக்குத் திரும்பும் நாள், எல்லாவற்றையும் ஒப்பிட்டிருந்தார்கள். எதில் பயம் குறைவு என்று எங்கும் இல்லை.

அம்மாவிடம் சொல்லாமலே முடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். முடியவில்லை. அடுத்த முறை அவளும் வந்தாள். படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ரெண்டுல எதுல எம்புள்ள முழிச்சு வருவாளோ அதச் செய்யுங்க டாக்டரய்யா. செலவு கெடக்கட்டும்."

"ரெண்டுலயும் முழிச்சுடுவாங்கம்மா" என்று அவர் சிரித்தார்.

"எங்க வீட்டுக்காரரு முழிக்கலையே."



கேமரா வழியே செய்யுங்கள் என்றேன். அரசு ஆஸ்பத்திரியில் செலவு குறையும், ஆனால் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்க எனக்குத் தைரியமில்லை. சேமிப்பு போனால் போகட்டும் என்று அவரிடமே வரும் செவ்வாய்க்கிழமைக்கு நாள் குறித்தேன். "அதுக்குள்ள வீக்கம் கல்லு மாதிரி ஆனாலோ, வாந்தி வந்தாலோ, நாள் பாக்காம ஓடி வந்துடணும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து ரயில் கூட்டத்தில் யாராவது இடித்தால் பையை அடிவயிற்றுக்கு முன்னால் இழுத்துப் பிடித்துக்கொள்கிறேன். சாப்பிட்டபின் வயிறு லேசாகப் புரண்டாலும் உங்கள் முகம் வருகிறது.

கத்திக்கு நீங்கள் எவ்வளவு பயந்தீர்கள் என்பது இப்போதுதான் புரிகிறது. பெல்ட்டையும் கேலியையும் போட்டு அதை எங்களிடமிருந்து மூடிவைத்திருந்தீர்கள். அந்தப் பயம் குறையாமல் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது, அப்பா. செவ்வாய்க்கிழமை அதையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.