பதினேழாம் நம்பர் காடு இருக்கும் இடம்

2025 ஜனவரி 6, திங்கள்

நான் எழுதிய கணினி நிரல்களை வைத்திருக்கும் இணையதளம் மாதக் கடைசியோடு மூடப்படுகிறதாம். மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்திருக்கிறார்கள். மூன்று நிரல்கள். இரண்டை யார் திருடிப் போனாலும் எனக்குப் பெருமைதான். மூன்றாவது யானை எச்சரிக்கை. எஸ்டேட் வாட்ஸ்அப் குழுவில் "பதினேழாம் நம்பர் காட்டுல ஆனை நிக்கு" என்று யாராவது போட்டால், அங்கே கொழுந்து பறிக்கும் எல்லோருக்கும் போன் அடிக்கும். அம்மாவுக்கும்.

ஜனவரி 9

இரண்டு இடங்கள் பார்த்தேன். ஒன்று உலகமே குடியிருக்கும் பெரிய கம்பெனி. வேறு யாரும் எட்டிப் பார்க்க முடியாத பூட்டிய அறை இலவசமாகத் தருகிறது. எனக்கு ஒளித்துவைக்க என்ன இருக்கிறது? மற்றது ஐரோப்பாவில் தன்னார்வலர்கள் நடத்தும் சங்கம். விளம்பரம் இல்லை, லாபம் இல்லை, எல்லாம் திறந்திருக்க வேண்டும் என்ற ஒரே விதி. படித்ததும் கண் கலங்கியது.

ஜனவரி 11

சங்கம்தான். வாழ்க்கையில் முதன்முறையாக விளக்கக் குறிப்பும் ஒழுங்காக எழுதினேன்: 'காடு என்றால் காடு இல்லை, தேயிலைத் தோட்டத்தின் ஒரு துண்டு. எண்ணைச் சொன்னால் எங்களுக்கு இடம் தெரியும், வெளியாளுக்குத் தெரியாது.' வெளியாள் சிரமப்படக் கூடாதே என்று நாற்பத்திரண்டு காடுகளுக்கும் வரைபடப் புள்ளியோடு அட்டவணை சேர்த்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

மாமா மகன் முனீஸ்வரன் வந்தான். மூணாறில் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறான்.

"மோனிஷா, நீ பெரிய ஆளாயிட்ட. வெளியூர் டூர்க்காரன் போன்லயெல்லாம் உன் லிஸ்ட்டுதான். குரூப்ல நம்பர் வந்ததும் வண்டிய விட்டுர்றானுவ. எங்க பொழப்புல இப்படி மண்ணள்ளிப் போடலாமா?"

குழுவில் நானூறு பேர். செய்தி வெளியே கசிவது புதிதில்லை. எண் மட்டும்தான் வெளியாட்களுக்குப் புரியாமல் இருந்தது. அவனுக்குத் தொழில் கவலை. எனக்கு அம்மா கவலை.

அட்டவணையை நீக்கினேன். தளம் சேமித்து வைத்த பழைய பதிப்பில் அப்படியே இருக்கிறது. எதையும் மறக்காமல் வைத்திருப்பதுதானே இந்தத் தளங்களின் பெருமை.

ஜனவரி 20

பதினொரு பேர் நகல் எடுத்திருக்கிறார்கள். இதுவரை என் நிரலை ஒருவரும் சீண்டியதில்லை.

ஜனவரி 22

பதினேழில் ஆறு ஜீப். ஹாரன் அடித்து, கத்தி — யானை சரிவில் கீழே இறங்கிவிட்டது. கீழே இருபத்தொன்று. அங்கேதான் அம்மா. நிரல் பதினேழுக்கு மட்டும் போன் அடித்துவிட்டுக் கடமை முடிந்தது என்று உட்கார்ந்திருக்கிறது. அம்மா போன் எடுக்கல. பத்து தடவ கூப்பிட்டேன். எடுக்கவே இல்ல. நான் போட்ட லிஸ்ட்டுதானே. நான்தானே —

மத்தியானம்

வந்துவிட்டாள். கூடையை எறிந்துவிட்டு, கூடப் பறித்தவர்களோடு ஏழு பேரும் பாறை இடுக்கில் கிடந்தார்களாம். முழங்கையில் தோல் இல்லை. "அது பாவம், மிரண்டு ஓடியாருது. பின்னாலயே போட்டோ புடிச்சிக்கிட்டு வாரானுவ." அட்டவணை என்னுடையது என்று சொன்னேன். கஞ்சி குடித்தாள்.

ஜனவரி 24

சங்கத்துக்கு எழுதியிருந்தேன். உடனே பதில்: மொத்தமும் அழித்தாயிற்று, அடுத்தவர் கணினிக்குப் போன நகலை எங்களால் தொட முடியாது, அம்மா நலமா? நல்ல மனிதர்கள். அதுதான் பயமாக இருக்கிறது. குறை சொல்ல என்னை விட்டால் ஆளில்லை.

பிப்ரவரி 3

பெரிய கம்பெனியில் பூட்டிய அறை எடுத்தேன். ரகசியம் என்று பூட்டி வைக்கத்தான் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு வாரமாகக் குழுவில் எண்ணே வருவதில்லை. "நாச்சம்மா செருப்பத் தொலச்ச எடத்துல ரெண்டு நிக்கு." "கங்காணி வழுக்குன வளைவுல, குட்டியோட." ஜீப்புகள் டீக்கடை முன்னால் நிற்கின்றன. என் நிரலுக்கும் ஒன்றும் புரியவில்லை. பறிக்கிற பெண்களே ஒருவரையொருவர் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்கிறார்கள்.

எந்த இடம் எது என்று அம்மாவிடம் கேட்டேன். நிரலில் சேர்த்துப் பூட்டியே வைக்கலாம் என்றேன்.

"ஒங்கிட்ட சொல்லமாட்டேன்ட்டி. சொன்னா எழுதி வச்சிருவ."

கூடையை மாட்டிக்கொண்டு ஏழு இருபதுக்குக் கிளம்பினாள். இன்று எங்கே நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.