நான் எழுதிய காரணங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு மகளின் வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா?

இங்கே ஒரு கூத்து. வாயால் சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு நரம்பு வழியே ஏற்றும் சத்துப் பையில் எது எவ்வளவு என்று இப்போது கம்ப்யூட்டர்தான் கணக்குப் போடுகிறது. நான் ஆளை நேரில் பார்த்து, காலை அழுத்திப் பார்த்து, கணக்கை மாற்றினால் காரணம் எழுத வேண்டும். "உன் காரணத்தை ஒண்ணு விடாம படிக்கிறேம்மா" என்பார் பெரிய டாக்டர். அவருக்காகவே பத்தி பத்தியாக எழுதினேன்.

நேற்று கம்ப்யூட்டர் ஒருவருக்குத் தண்ணீரைக் குறைத்திருந்தது. அது காட்டிய காரணம், 'பாதம் பஞ்சுத் தலையணை மாதிரி உப்பியிருக்கிறது.' அவருக்கு இரண்டு காலையும் எடுத்தாகிவிட்டது, அப்பா! சிரித்துக்கொண்டே தண்ணீரைக் கூட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. அந்தத் தலையணை, முன்பு வேறொருவருக்கு நான் எழுதியது.

டாக்டரிடம் போய்க் கேட்டேன்.

"நான் எங்கம்மா படிச்சேன்? எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்குத்தான் கத்துக் குடுத்தோம். இனிமே அதுவே பாத்துக்கும். நீ அடுத்த மாசம் மருந்து ஸ்டோருக்குப் போயிடு."

சிரித்த முகத்தோடு கழுத்தை அறுத்தார்.

ஸ்டோரில் குளிர் அதிகமாம். அலமாரியில் என் பழைய ஸ்வெட்டர் இருந்தால் அனுப்புங்கள். கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழுந்தால் உடனே எழுதுங்கள்.

நேரமாகிவிட்டது. இன்னொன்று, இந்தக் கடிதத்தைத் தம்பியைப் படிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீங்களே படியுங்கள், அப்பா.

உங்கள் மகள்