எள் நுணுக்கும் குழவி

அன்பு மகள் மிவாகோவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகமாகவே இருக்கிறோம், சப்போரோவின் பனி உன்னைப் படுத்தாமல் இருக்க வேண்டும் என்பதே இங்கே எங்கள் தினசரிப் பேச்சு. உன் கடிதம் வந்த நாளிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. சுரங்க ரயில் நிலையத்திலிருந்து குடியிருப்பு வாசல் வரைக்கும் அதே ஆள் பின்னால் வருகிறான் என்றும், ஏதாவது நடந்தால் வந்து சொல் என்று போலீஸில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றும், ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடலாமா என்றும் எழுதியிருக்கிறாய். வா என்று சொல்லத்தான் வாய் வருகிறது. ஆனாலும் எவனோ ஒருவன் வந்து நிற்கிறான் என்று நீ ஒதுங்கினால் அந்த இடம் அவனுடையதாகிவிடும். எனக்கு வரவேண்டிய நாற்காலியில் தோகுனாகா தலைமையாசிரியராக உட்கார்ந்திருப்பதைத் தினமும் காலையில் பார்க்கிறவன் சொல்கிறேன். கல்வி வாரியத்து ஆட்களோடு கோல்ஃப் ஆடத் தெரிந்ததைத் தவிர அந்த மனிதருக்கு வேறு என்ன தகுதி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அது கிடக்கட்டும்.

போன வாரம் கூட்டத்துக்காக ஒசாகா போனபோது, உனக்காக ஒரு கடையில் கைக்கோல் ஒன்று வாங்கினேன். சாவி வளையத்தோடு கூடிய கறுப்பு உலோகக் குச்சி, ஒரு முனை பென்சில் போலக் கூர்மை. வரும் வழியில் ஒகயாமா நிலையத்தில் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் அதை எடுத்துப் பார்த்து, "சார், இது எதுக்கு?" என்றார். தற்காப்புக்கு என்று படித்த மனிதனாக உண்மையைச் சொன்னேன், சொல்லக்கூடாத பதில் அதுதானாம், ஆயுதம் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். சாவடியில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டார்கள். வந்தது தோகுனாகா. கார் ஓட்டிவந்தது அவர் மனைவி ஹிசாயோ, அதுதான் அந்தப் பல் டாக்டர், யாரிடம் போகக்கூடாது என்று நான் இத்தனை வருடமாக இடது பக்கமே மென்று தின்கிறேனோ அவர். எனக்காகத் தோகுனாகா அந்தப் போலீஸ்காரரிடம் குனிந்து மன்னிப்புக் கேட்டதை என் சாம்பலும் மறக்காது. குச்சியை வாங்கி வைத்துக்கொண்டு என்னை விட்டார்கள்.

காரில் பாதி வழி வந்ததும் அந்த அம்மாள், "யாருக்கு சார் வாங்கினீங்க?" என்று கேட்டார். உனக்கு என்றேன், காரணத்தையும் சொன்னேன். உடனே காரை எங்கள் வீட்டுப் பக்கம் விடாமல் வீட்டோடு சேர்ந்த தன் பல் ஆஸ்பத்திரிக்குத் திருப்பிவிட்டார். கணவரை வரவேற்பறையில் பழைய பத்திரிகையோடு உட்காரவைத்துவிட்டு, என்னைப் பின்கட்டுச் சமையலறைக்குக் கூட்டிப்போய் இழுப்பறையிலிருந்து எள் நுணுக்கும் சின்னக் குழவிகள் மூன்றை எடுத்து மேசையில் போட்டார். சான்ஷோ மரம், பட்டையோடு, முண்டும் முடிச்சுமாக. "பாக்கிறவனுக்கு ஆயுதம்னு தெரியற எதுவும் உதவாது சார். போலீஸும் பிடுங்குவான், திருடனும் பிடுங்குவான். இதை எவன் பிடுங்குவான்?" என்றார். அவர் கல்லூரி நாளிலிருந்தே கைக்கோல் பழகியவராம், வியாழக்கிழமைதோறும் நர்ஸுகளுக்குச் சொல்லித்தருகிறாராம், எனக்கு இத்தனை நாள் தெரியாது.

மூடிய கைக்கு இரண்டு பக்கமும் ஒரு கட்டைவிரல் அகலம் வெளியே நீள வேண்டும், அதற்கு மேல் நீளம் வேண்டாம் என்றார். வழவழப்பு ஆகாது, வியர்த்தால் நழுவும், முடிச்சு இருந்தால் விரல் தானே இடம் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். "சப்போரோல கையுறை இல்லாம நடக்க முடியுமா? வெறுங்கையில புடிச்சுப் பாத்து வாங்கினா அங்க போய் விரல் மூடாது" என்றதும் எனக்கு உறைத்தது. ஒசாகா கடைக்காரன் இதையெல்லாம் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பிறகு ஒரு குழவியைக் கைக்குள் மூடிக்கொண்டு, "என் மணிக்கட்டைப் புடிங்க சார், தலைமையாசிரியர் மேல இருக்கற கோபம் மொத்தத்தையும் காட்டிப் புடிங்க" என்றார். காட்டினேன், மிவாகோ. அந்த அம்மாள் என் தோள் உயரம்கூட இல்லை. கையைச் சற்றுத் திருப்பினார், குழவியின் முனை என் மணிக்கட்டு எலும்பின்மேல் ஏறி உட்கார்ந்தது, மறு கையால் அந்த முனையைப் பிடித்துத் தன் வயிற்றை நோக்கி அழுத்தினார், அவ்வளவுதான். தோகுனாகா வீட்டுத் தரையில் நான் மண்டியிட்டுக் கிடந்தேன். கத்தியிருக்கிறேன், வரவேற்பறைக்கே கேட்டிருக்கிறது. "வாயைத் திறந்தீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு, வலது கடைவாய்ப் பல்லு போயிருச்சு. திங்கட்கிழமை வந்திருங்க" என்றார். போவதாக இல்லை. ஆனால் உண்மையை எழுதுகிறேன், அந்தத் தரையில் கிடந்தபோது எனக்கு அவமானமே வரவில்லை. உன் பின்னால் வருகிறவனும் இப்படித்தான் விழுவான் என்ற ஒரே நினைப்புதான், உன் கடிதம் வந்த பிறகு அன்றைக்குத்தான் மூச்சு ஒழுங்காக வந்தது. அந்த வீட்டின்மேல் எனக்குள்ள பகை அப்படியேதான் இருக்கிறது, அந்தக் கைக்கு மட்டும் நான் தலைவணங்குகிறேன்.

உன் விரல்கள் அம்மாவின் விரல்கள்தானே, அந்த அம்மாள் கொடுத்தனுப்பிய மூன்றையும் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு பிடித்துப் பார்த்து அம்மாதான் ஒன்றைத் தேர்ந்தாள், அன்று கீரைக்கு எள்ளும் அதிலேயே நுணுக்கினாள். அதைத்தான் கறுப்பு எள் பொட்டலத்தோடு அனுப்புகிறேன். நீயும் வாராவாரம் எள் நுணுக்கு, யாராவது மோந்து பார்த்தால் எள் வாசனைதான் வர வேண்டும். நிலையத்துப் படி ஏறும்போதே கைக்கு வந்துவிட வேண்டும், பைக்குள் கிடந்தால் பயனில்லை. பிடித்தவன் விட்டதும் நின்று பார்க்காதே, வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் பக்கம் ஓடு. உன்னோடு வேலை செய்கிற பெண் யாரையாவது பிடிக்கச் சொல்லித் தினமும் பழகு. வேலையை விடுவது பற்றி அதற்குப் பிறகு முடிவு செய்யலாம், எப்படி முடிவு செய்தாலும் அது உன் முடிவாக இருக்கட்டும்.

நீ தைரியமாகவும் நல்ல தூக்கத்தோடும் நீண்ட நாள் இருக்க எங்கள் இருவரின் ஆசிகள். புத்தாண்டுக்கு வரும்போது குழவியை மறக்காமல் கொண்டு வா. வாசலிலேயே உன் கையைப் பிடிப்பேன், மகள் என்று நானும் விட்டுக்கொடுத்துப் பிடிக்கமாட்டேன், அப்பா என்று நீயும் பார்க்காதே. என்னை மண்டியிட வைத்துவிட்டு உள்ளே வா.

உன் அப்பா,
குவபாரா ஷிகெயோ