பள்ளிக்கூட முனையில் உங்கள் ரோஜாத் தொட்டிகள்

என்னங்க,

மொட்டைமாடியில் ரோஜாத் தொட்டிகளைத் தேடாதீர்கள். எல்லாம் பள்ளிக்கூட முனையில் இருக்கின்றன. நகராட்சியின் சாலைப் பிரிவு அதிகாரியிடம் அனுமதி வாங்கிவிட்டேன், உங்களிடம்தான் வாங்கவில்லை.

"மெதுவாப் போகச் சொல்லி போர்டு வெச்சா போதாதா?" என்று நேற்றுக் கேட்டீர்களே, போதாது. அங்கே திருப்பம் ரொம்ப அகலம். அதனால்தான் வண்டிகள் பிரேக் போடாமலே வளைகின்றன. ஓரத்தைத் தொட்டிகளால் அடைத்தால் வளைவு குறுகும், வேகம் தானாகக் குறையும். போர்டை யாரும் படிப்பதில்லை. வண்டியில் கீறல் விழும் என்றால் எல்லோருக்கும் பொறுமை வந்துவிடும்.

பாப்பாவின் டிபன் டப்பா மேசைமேல் இருக்கிறது, அவளிடம் கொடுத்து அனுப்புங்கள். "தனியா அனுப்பவே மாட்டேன்" என்று நீங்கள் கத்தியதை மறந்துவிட்டேன். அவள் இன்று பள்ளிக்கூடத்துக்குத் தனியாகத்தான் நடந்து வருவாள்.

பி.கு.: ஒளிந்து ஒளிந்து அவள் பின்னால் வராதீர்கள். முனையில் இருக்கும் தபால்பெட்டிக்குப் பின்னால் ஏற்கெனவே நான் நிற்கிறேன். இரண்டு பேருக்கு இடம் இருக்காது.